கையெழுத்து வாங்குவதற்கு முன்: கருத்தடை அறுவையில் சம்மதம் பெறுவது எப்படி, கட்டாயத்தை மறுப்பது எப்படி

அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், ராணுவ மருத்துவமனை ஆகியவற்றில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் பங்குள்ள டாக்டர்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள், கிராம சுகாதார செவிலியர்கள் ஆகியோருக்கான வழிகாட்டி இது. ஆபரேஷன் செய்துகொள்ள நினைப்பவர்களும் படிக்கலாம். அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் இதிலேயே வருகின்றன.

நெருக்கடி நிலைக் காலத்தில் கட்டாயம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 1976 நவம்பரில் ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றிவளைத்து, ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் வாசெக்டமி (ஆண் கருத்தடை அறுவை) செய்ய வைத்தது. 1976-77 நிதியாண்டுக்கு வைத்த இலக்கு 43 லட்சம். நடந்த அறுவைகளோ 80 லட்சத்துக்கும் மேல். அறுவை தொடர்பாக 1,774 பேர் இறந்ததாக, அந்தக் கால அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பதிவுசெய்தது. இன்று யாரையும் வேனில் ஏற்றுவதில்லை. வலியில் துடிக்கும் பெண்ணின் கையில் நள்ளிரவில் பேனாவைத் திணிப்பது, "மூணாவது குழந்தை, இப்ப போடலைன்னா அப்புறம் நாங்க பொறுப்பில்லை" என்று அதட்டுவது, மாமியாரிடம் கேட்டுவிட்டு மருமகளிடம் கையெழுத்து வாங்குவது என்று கட்டாயம் இப்போது வேறு வடிவத்தில் நடக்கிறது. படிவம் சரியாக இருக்கும், சம்மதம் இருக்காது. "வேண்டாம்" என்று சொல்ல வாய்ப்பும் நேரமும் இருந்தவரின் கையெழுத்துதான் சம்மதம். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த வாய்ப்பையும் நேரத்தையும் உண்டாக்குவதற்கானது.

எப்போது கேட்பது

பிரசவத்தோடு சேர்த்து ஆபரேஷன் செய்வது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. அதனால் பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் கர்ப்பகால செக்கப். ஐந்தாம், ஆறாம் மாதத்தில் ஒரு முறையும், எட்டாம் மாதத்தில் மறுபடி ஒரு முறையும் பேசுங்கள். இரண்டு முறையும் என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு தாய் சேய் நல அட்டையில் எழுதுங்கள். "விருப்பம் உண்டு" என்பதை எழுதும் அதே இடத்தில், அதே அளவில் "விருப்பம் இல்லை" என்பதையும் எழுத வேண்டும். பல அட்டைகளில் முதலாவதுக்கு மட்டுமே இடம் கிடைக்கிறது. லேபர் வார்டுக்கு வரும்போது மறுத்த விஷயம் எங்குமே பதிவாகியிருக்காது. இரவு டியூட்டியில் இருப்பவர் புதிதாகக் கேட்பதுபோல் மறுபடி கேட்பார்.

கேட்கவே கூடாத நேரங்கள் இவை: பிரசவ வலி தொடங்கிய பிறகு, பெத்திடின் போன்ற மயக்க ஊசி போட்ட பிறகு, தியேட்டர் மேசையில் படுக்கவைத்த பிறகு. கருக்கலைப்புக்கு வந்தவரிடம், அதைச் செய்வதற்கு நிபந்தனையாகக் கேட்பதும் கூடாது. வலியிலோ பிரசவம் முடிந்த உடனேயோ இருக்கும் பெண்ணிடம் கருத்தடை அறுவைக்குச் சம்மதம் கேட்கக்கூடாது என்று சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2011-ல் வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது. மயக்க மருந்தின் தாக்கத்திலோ வற்புறுத்தலாலோ பெறும் சம்மதம் செல்லாது என்பது கருத்தடை அறுவைக்கான மத்திய அரசின் தரநிலையிலும் இருக்கிறது.

பிறந்த குழந்தை இன்குபேட்டரில் இருந்தால் தள்ளிப்போடுங்கள். முன்பே எழுத்தில் சம்மதம் தந்திருந்தாலும் இது பொருந்தும். இரண்டாவது குழந்தை நலம் என்ற நம்பிக்கையில்தான் அந்த முடிவை எடுத்தார். அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கும்போது பழைய கையெழுத்தைக் காட்டி அறுவை செய்வது அநியாயம். குழந்தை இறந்துபோய், தாய்க்குக் கருக்குழாயும் இல்லாமல் போன வீட்டுக்கு எந்த இழப்பீடும் ஈடாகாது.

"வீட்டுக்கு அனுப்பினா திரும்பி வரவே மாட்டாங்க" என்பதுதான் வார்டில் அடிக்கடி கேட்கும் வாதம். வராமல் போகலாம், அது அவருடைய முடிவு. இடையில் கரு தங்கிவிடும் என்ற பயம் இருந்தால் அதற்கு வழிகள் இருக்கின்றன. சாயா என்ற கருத்தடை மாத்திரையைத் தாய்ப்பால் கொடுப்பவரும் பிரசவத்துக்குப் பின் உடனே தொடங்கலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அந்தரா என்ற கருத்தடை ஊசியைத் தாய்ப்பால் கொடுப்பவருக்கு ஆறு வாரத்துக்குப் பின் போடலாம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆபரேஷனை ஆறு வாரம் கழித்தோ அதற்குப் பிறகோ, மாதவிடாய் தொடங்கியதிலிருந்து ஏழு நாளுக்குள் வைத்துக்கொள்ளலாம். நிரந்தரக் கருத்தடை எந்த நாளிலும் அவசர சிகிச்சை ஆகாது.

2016 செப்டம்பர் 14-ல், கருத்தடை முகாம்கள் குறித்த தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விளக்கம் சொன்ன பிறகு மனம் மாற ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவகாசம் தர வேண்டும் என்றது. முன்பே பலமுறை யோசித்து வந்தவருக்கு அது போதும். அன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்படுபவருக்கு ஒரு மணி நேரம் போதவே போதாது. அவரைத் திருப்பி அனுப்பி இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.

என்ன சொல்வது, எப்படிச் சோதிப்பது

முதல் வேலை தனிமை. கணவர், மாமியார், அழைத்துவந்த ஆஷா பணியாளர் எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்ல வேண்டும். "அம்மா, கொஞ்சம் வெளியில இருங்க, செக் பண்ணிட்டுக் கூப்பிடறேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஸ்க்ரீன் மறைப்பு தனிமை ஆகாது, அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு எல்லாமே கேட்கும்.

சொல்ல வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒன்றையும் விடக்கூடாது. இது நிரந்தரம். மறுபடி இணைக்கும் அறுவை இருக்கிறது என்றாலும் எல்லா இடத்திலும் கிடையாது, வெற்றி உறுதியும் கிடையாது. "பின்னாடி வேணும்னா பிரிச்சு விட்டுக்கலாம்" என்பது பொய்யான ஆறுதல், அதைச் சொல்லாதீர்கள். தற்காலிக முறைகள் என்னென்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கணவருக்குச் செய்யும் தழும்பில்லா வாசெக்டமி இதைவிடச் சிறிய அறுவை, வயிற்றைத் திறக்க வேண்டாம், தோல்வியும் குறைவு என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். நாடு முழுக்கச் செய்யப்படும் கருத்தடை அறுவைகளில் ஆண்களுக்கானவை மிகச் சொற்பம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி திருமணமான பெண்களில், பெண் கருத்தடை அறுவையை நம்பியிருப்போர் 37.9 சதவீதம், ஆண் அறுவையை நம்பியிருப்போர் 0.3 சதவீதம். கணவரிடம் கேட்கவே தோன்றாத மனநிலைதான் இந்த எண்களில் தெரிகிறது.

டியூபெக்டமி (பெண் கருத்தடை அறுவை) செய்த பிறகும் முதல் ஆண்டில் சுமார் 200 பேரில் ஒருவருக்குக் கரு தங்கலாம். அப்படித் தங்கினால் கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே மாதவிடாய் தள்ளிப்போனால் இரண்டு வாரத்துக்குள் வர வேண்டும், கடும் வயிற்றுவலியோ மயக்கமோ சேர்ந்தால் அன்றே வர வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டதால் உயிர் போகக்கூடும். வாசெக்டமி உடனே பலன் தராது. மூன்று மாதம் ஆணுறையோ வேறு முறையோ வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து அணுக்கள் இல்லை என்று பார்த்த பின்தான் சான்றிதழ். எந்த அறுவையும் எச்ஐவியையோ பால்வினை நோயையோ தடுக்காது.

வயதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் 14 ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்றில், 30 வயதுக்குள் அறுவை செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் பிற்பாடு வருந்தினார். 30-ஐத் தாண்டியவர்களில் அது சுமார் 6 சதவீதம். நம் வார்டுகளில் 23, 24 வயதில் இரண்டு குழந்தையோடு வருபவர்கள்தான் அதிகம். அவர்களை மறுக்கச் சொல்லவில்லை, முடிவு அவர்களுடையதுதான். ஆனால் கருப்பையில் வைத்தால் பத்தாண்டு வேலைசெய்யும் காப்பர் டி 380ஏ இருப்பதைத் தெரிந்துகொண்டு அந்த முடிவை எடுக்கட்டும்.

பேசி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலையைத்தான் ஆட்டுவார்கள். அதற்கு மாறாக இந்த மூன்றையும் கேளுங்கள், அவர் வாயாலேயே பதில் வரட்டும்:

"இதுக்கு அப்புறம் எப்பவாவது குழந்தை வேணும்னு தோணினா என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க."

"இது வேண்டாம்னா வேற என்னென்ன வழி இருக்கு?"

"இப்ப வேண்டாம்னு சொன்னா உங்களுக்கு இங்க என்ன குறையும்?"

மூன்றாவது கேள்விக்குச் சரியான பதில் "ஒண்ணும் குறையாது." அவர் தயங்கினாலோ, "பணம் வராதே," "டாக்டரம்மா திட்டுவாங்க," "அடுத்த தடவை சேர்த்துக்க மாட்டாங்க" என்றாலோ சம்மதம் இன்னும் வரவில்லை என்று பொருள். படிவத்தை மூடிவைத்துவிட்டு அந்தப் பயத்தைப் பற்றிப் பேசுங்கள்.

படிவமும் கையெழுத்தும்

மத்திய அரசின் தரநிலைப்படி அறுவைக்குத் தகுதி: திருமணமானவர். பெண்ணானால் 22 முதல் 49 வயது, ஆணானால் 22 முதல் 60 வயது. குறைந்தது ஒரு குழந்தை, அதற்கு ஒரு வயது தாண்டியிருக்க வேண்டும் (மருத்துவக் காரணம் இருந்தால் விலக்கு உண்டு). துணைவர் ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவராக இருக்கக்கூடாது, அந்த அறுவை தோற்றிருந்தால் தவிர. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் குறையக்கூடாது.

கணவரின் கையெழுத்து குறித்துப் பெரிய குழப்பம் இருக்கிறது. அது ஆதாரமற்ற குழப்பம் இல்லை. அரசுத் தரநிலை, துணைவரின் சம்மதம் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் மருத்துவர்களுக்கான 2002 ஒழுக்க விதிகளில் 7.16 பிரிவு, மலட்டுத்தன்மை உண்டாக்கக்கூடிய அறுவைக்குக் கணவன் மனைவி இருவரின் சம்மதமும் வேண்டும் என்கிறது. இந்த வரியைக் காட்டித்தான் பல மருத்துவமனைகள், கணவர் வரும்வரை பெண்ணைக் காக்கவைக்கின்றன. சில இடங்களில் இதைவிட மோசம், கணவரின் கையெழுத்தே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அரசுத் திட்டத்தின் கீழ் செய்யும்போது தரநிலையைப் பின்பற்றி, பெண்ணின் சம்மதத்தை மட்டும் ஆதாரமாகக் கொள்ளுங்கள். கணவர் விரும்பிக் கையெழுத்திட்டால் தனித் தாளில் வாங்குங்கள். அவருடைய கையெழுத்து இல்லை என்பதற்காக அவளை அலைக்கழிப்பதும், அது இருக்கிறது என்பதற்காக அவளிடம் கேட்காமல் விடுவதும் தவறு.

அறுவைக்கு முன் விளக்க வேண்டிய சரிபார்ப்புப் பட்டியல், அறுவை செய்துகொள்பவருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதும் தேவிகா பிஸ்வாஸ் தீர்ப்பின் உத்தரவு. திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் பெண்கள் பிரசவத்துக்கு வருகிறார்கள். தமிழ்ப் படிவத்தில் அவர்கள் வைக்கும் கைநாட்டுக்குப் பொருளில்லை. மொழிபெயர்க்க ஆள் வேண்டும், அந்த ஆள் கான்ட்ராக்டரோ சூப்பர்வைசரோ ஆகக்கூடாது. படிவத்தில் டாக்டரின் சான்று ஒன்று, பயிற்சி பெற்ற ஆலோசகரின் சான்று தனியே ஒன்று, ஆக இரண்டு வேண்டும். விளக்கிய நேரத்தையும் கையெழுத்து வாங்கிய நேரத்தையும் தனித்தனியே குறியுங்கள். இரண்டும் 11.05 என்று இருந்தால் எந்த விசாரணையிலும் அது நிற்காது. கைநாட்டு என்றால் சாட்சி வேண்டும், அழைத்துவந்தவரையே சாட்சியாக்காதீர்கள்.

சிசேரியன் மேசையும் காப்பர் டியும்

நடைமுறையில் அதிகம் தவறுவது இங்கேதான். மூன்றாவது சிசேரியன், தழும்பு மெலிந்திருக்கிறது, இன்னொரு கர்ப்பம் ஆபத்து என்று சர்ஜன் நினைக்கிறார், கூடவே குழாயையும் கட்டிவிடுகிறார். நல்லெண்ணம்தான், ஆனால் சட்டப்படி அது சம்மதமில்லாத அறுவை. 2008 சமீரா கோலி வழக்கில், பரிசோதனை லேப்ராஸ்கோப்பிக்கு (வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி விட்டுப் பார்ப்பது) மட்டும் சம்மதம் தந்து மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, தாயிடம் கேட்டுவிட்டுக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒன்றுக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது. உடனே செய்யாவிட்டால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு. அடுத்த கர்ப்பத்தின் ஆபத்து இன்றைய ஆபத்து ஆகாது. மேசையில் அப்படியொரு நிலையைப் பார்த்தால் கேஸ் ஷீட்டில் விரிவாக எழுதி, மூன்றாம் நாள் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். சிசேரியன் படிவத்தில் "தேவையான பிற சிகிச்சைகள்" என்று அச்சிட்டிருக்கும் வரி கருத்தடைக்குப் பொருந்தாது. அதற்குத் தனிப் படிவம்தான்.

நஞ்சுக்கொடி வெளிவந்த பத்து நிமிடத்துக்குள்ளோ, பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ வைக்கும் காப்பர் டிக்கும் இதே விதிதான். அறுவை இல்லை, எடுத்துவிடலாம் என்பதால் பலர் இதற்குச் சம்மதம் தேவையே இல்லை என்று நினைக்கிறார்கள். வைத்திருப்பதே தெரியாத பெண், அதிக ரத்தப்போக்கோடு ஊர் ஊராக அலைவார். முன்கூட்டியே கேட்டு வையுங்கள், வைத்ததை டிஸ்சார்ஜ் சம்மரியில் தமிழில் எழுதுங்கள், எந்த வகை, எத்தனை ஆண்டு, ஆறாம் வாரம் நூலைப் பார்க்க வர வேண்டும் என்பதையும் சேருங்கள். எடுத்துவிடச் சொல்லி வந்தால் எடுத்துவிடுங்கள். "இன்னும் ஆறு மாசம் பொறுங்க," "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால், தற்காலிகக் கருத்தடையையே கட்டாயக் கருத்தடையாக மாற்றிவிடுகிறீர்கள்.

மாற்றுத்திறனாளி என்றாலோ மனநோய் என்றாலோ குடும்பமே ஆபரேஷன் கேட்டு வருவதுண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு, அவருடைய சுதந்திரமான சம்மதமின்றி மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்தச் சிகிச்சையையும் தடுக்கிறது. மனநோய்க்குச் சிகிச்சையாகக் கருத்தடை அறுவை செய்வதை 2017 மனநல மருத்துவச் சட்டத்தின் 95-வது பிரிவு தடைசெய்கிறது. எச்ஐவி உள்ள கர்ப்பிணிக்குச் சம்மதமின்றிக் கருத்தடை அறுவையோ கருக்கலைப்போ செய்வதையும் சட்டம் தடைசெய்கிறது.

இலக்கும் பணமும்

அறுவை செய்துகொள்பவருக்குப் பணம் தரும் பழக்கம் 1950களில் மதராஸ் மாநிலத்தில்தான் தொடங்கியது. இன்று அது கூலி இழப்புக்கான ஈடு என்று கணக்கிடப்படுகிறது. தரலாம், ஆனால் சம்மதப் பேச்சில் பணத்தை இழுக்காதீர்கள். பணம் பற்றி அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், நீங்களாகத் தொடங்காதீர்கள். ஆள் சேர்த்ததற்குப் பணம் பெறுபவர் எவரும் ஆலோசகராகவோ சாட்சியாகவோ இருக்கக்கூடாது.

இலக்கு 1996-லேயே கைவிடப்பட்டது. 2000 தேசிய மக்கள்தொகைக் கொள்கை விருப்பத்தின் பேரில் மட்டுமே என்றது. ஆனால் "எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை" என்ற பெயரில் மாதாந்திரக் கூட்டங்களில் அது திரும்ப வருகிறது, பெரும்பாலும் வாய்மொழியாக. எண்ணிக்கை எப்படி உயிரைப் பறிக்கிறது என்பதற்கு 2014 நவம்பர் 8 சான்று. சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் ஒரே சர்ஜன் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அந்த மாவட்ட முகாம்களில் அறுவை செய்துகொண்ட பெண்களில் 13 பேர் இறந்தார்கள். ஒரு குழு ஒரு நாளில் 30-க்கு மேல் செய்யக்கூடாது, அதற்கும் மூன்று லேப்ராஸ்கோப் வேண்டும் என்பது தரநிலை. காரணம் எளிது. ஒவ்வொரு அறுவைக்குப் பிறகும் கருவியை 2 சதவீத குளுட்டரால்டிஹைடு கிருமிநாசினியில் 20 நிமிடம் ஊறவைத்து, கிருமிநீக்கிய நீரில் அலச வேண்டும். ஒரே கருவியில் 30 பேர் என்றால் ஊறும் நேரமே பத்து மணி நேரம். இதைவிட வேகமாக முடித்ததாக யாராவது சொன்னால், ஊறவைக்கவில்லை என்றே பொருள். நேரம் குறைந்தால் முதலில் காணாமல்போவது ஆலோசனை, அடுத்தது கிருமிநீக்கம்.

வாய்மொழியாக எண்ணிக்கை வந்தால் அன்றே எழுத்தில் பதில் அனுப்புங்கள். கோபமாக எழுத வேண்டியதில்லை, இந்த அமைப்பு போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, இம்மாதம் இத்தனை குடும்ப நல அறுவைகள் செய்யும்படி இன்று தொலைபேசியில் அறிவுறுத்தப்பட்டது. இந்நிலையத்தில் இம்மாதம் ஆலோசனை பெற்றவர்கள் இத்தனை பேர். விருப்பம் தெரிவித்தவர்கள் இத்தனை பேர். அவர்கள் அனைவருக்கும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. அறுவைக்கு எண்ணிக்கை இலக்கு வைக்கக்கூடாது என 14.09.2016 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கூறுவதால், மேற்கண்ட அறிவுறுத்தலை எழுத்துப்பூர்வமாக வழங்கும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன்."

எழுத்தில் கேட்டவுடன் பெரும்பாலான எண்ணிக்கைகள் அடங்கிவிடும். கடிதத்தை நிலையத்தின் அனுப்புகைப் பதிவேட்டில் ஏற்றி, நகலை வீட்டில் வைத்திருங்கள். தனியாக நிற்காமல், சக மருத்துவர்கள் இருவரோ சங்கமோ சேர்ந்து எழுதினால் இடமாற்ற மிரட்டல் குறையும்.

சீருடையில் இருக்கும் மருத்துவர்

ராணுவ மருத்துவருக்கு இரண்டு எஜமானர்கள், படுக்கையில் இருப்பவரும் பதவியில் மேலே இருப்பவரும். ஆயுதப் போராட்டக் காலத்திலும் மருத்துவ ஒழுக்கம் அமைதிக்காலத்தில் உள்ளதேதான் என்று உலக மருத்துவச் சங்கம் 1956-ல் ஹவானாவில் முடிவுசெய்தது. மருத்துவ ஒழுக்கத்துக்கு மாறான செயலைச் செய்யும்படி மருத்துவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 முதல் கூடுதல் நெறிமுறை, 16-வது பிரிவில் சொல்கிறது. கட்டாயக் கருத்தடை அறுவையை, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998 ரோம் சட்டம் மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாகவும் போர்க்குற்றமாகவும் பட்டியலிட்டது. ஆனால் இந்தியா கூடுதல் நெறிமுறைகளிலும் ரோம் சட்டத்திலும் சேரவில்லை. ஆகவே இங்குள்ள ராணுவ மருத்துவருக்குக் கைகொடுப்பது 1950 ராணுவச் சட்டம்தான். அதன் 41-வது பிரிவு தண்டிப்பது "சட்டப்படியான கட்டளையை" மீறுவதை. சம்மதமின்றி ஒருவர் உடலில் கத்தி வைக்கச் சொல்வது அந்த வகையில் வராது. அச்சத்தாலோ தவறான புரிதலாலோ தந்த சம்மதம் சம்மதமல்ல என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 28-வது பிரிவு. "மேலிடத்து உத்தரவு" என்ற வாதம் நாஜி மருத்துவர்கள் மீதான 1946-47 நியூரம்பர்க் வழக்கிலேயே தோற்றுவிட்டது. கருத்தடைப் பரிசோதனைகளும் அங்கே குற்றச்சாட்டில் இருந்தன.

ராணுவப் பணியோடு கருத்தடையையோ கருக்கலைப்பையோ கட்டிப்போட்டதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் நினைவில் இருக்கட்டும். 1970-ல் வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்க விமானப்படை நர்ஸ் கேப்டன் சூசன் ஸ்ட்ரக் கர்ப்பமானார். கருவைக் கலை, இல்லையென்றால் வேலையை விடு என்பது அன்றைய விதி. அவர் வழக்குத் தொடுத்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரிக்கும் முன்பே, 1972-ல், விமானப்படை அவரைப் பணியில் வைத்துக்கொண்டது. கொலம்பியாவின் ஃபார்க் கெரில்லாப் படையில் பெண் போராளிகளுக்குக் கருத்தடை கட்டாயம், கரு தங்கினால் கலைப்பும் கட்டாயம். சிறுமியாகச் சேர்க்கப்பட்டு அந்தக் கொடுமைக்கு ஆளான ஒருவரைப் போரால் பாதிக்கப்பட்டவராக அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2019-ல் ஏற்றது. இரண்டிலும் விதியை எழுதியவர்கள் தளபதிகள். கருத்தடையையும் கலைப்பையும் செய்ய வேண்டியவர்கள் மருத்துவப் பயிற்சி பெற்றவர்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை: கருத்தடை ஆலோசனையை, ஆலோசனை பெறுபவரின் கட்டளைச் சங்கிலியில் இல்லாத ஒருவர் நடத்தட்டும். சீருடை இல்லாமல் நடத்தினால் இன்னும் நல்லது. ஒரு சிப்பாயிடம் மேஜர் "விருப்பமா?" என்று கேட்டால் வரும் பதில் "யெஸ் சார்" மட்டும்தான். யார் எந்த முறையைப் பயன்படுத்துகிறார் என்பது கட்டளை அதிகாரிக்குப் போகக்கூடாது. அவருக்குத் தேவை பணித்தகுதி மட்டும். வாசெக்டமி என்றால் 48 மணி நேர ஓய்வும் ஒரு வாரத்துக்குக் கடும் வேலை விலக்கும், டியூபெக்டமி என்றால் இரண்டு நாளில் லேசான வேலையும் இரண்டு வாரத்தில் முழுப் பணியும். சான்றில் நாட்களை மட்டும் எழுதுங்கள், அறுவையின் பெயரை எழுதாதீர்கள். நீண்டகாலப் பணிக்கு முன் "எல்லாப் பெண்களுக்கும் ஊசி போட்டுவிடுங்கள்" என்ற யோசனை வந்தால், ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டு, ஏற்றவர்களுக்கு மட்டும் போடுவதாக எழுத்தில் பதில் தாருங்கள். மறுத்தவர்களின் பட்டியலை யாருக்கும் தராதீர்கள்.

தவறு நடந்துவிட்டால்

சம்மதமின்றி அறுவையோ காப்பர் டியோ நடந்திருக்கிறது என்று தெரியவந்தால், மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். என்ன செய்யப்பட்டது, எந்த முறையில் என்பது முக்கியம். கருக்குழாயில் வளையம் போட்ட அறுவையில் குழாயின் பெரும்பகுதி மிஞ்சும், இணைப்பு அறுவைக்கு வாய்ப்பு அதிகம். குழாயின் நுனியை வெட்டியிருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. இது தெரிந்தால்தான் இணைப்பு அறுவையா வேறு வழியா என்று அவரால் முடிவெடுக்க முடியும்.

அறுவைக்குப் பின் குறைந்தது நான்கு மணி நேரம் கண்காணித்து, சிறுநீர் கழித்து, பேசி, நடந்த பிறகே அனுப்ப வேண்டும். 48 மணி நேரத்துக்குள் செவிலியர் வீட்டுக்குப் போக வேண்டும், ஏழாம் நாள் தையல் பிரிக்க வேண்டும். காய்ச்சல், வயிறு உப்பல், தொடர் வாந்தி, சீழ் இருந்தால் குடல் காயமோ தொற்றோ என்று நினைத்து அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். "வாயுதான்" என்று மாத்திரை கொடுத்து ஒரு நாள் கடத்தியதால் போன உயிர்கள் உண்டு.

அறுவை தோற்றாலோ, சிக்கல் வந்தாலோ, மரணம் நேர்ந்தாலோ குடும்ப நல இழப்பீட்டுத் திட்டத்தில் உரிமை கோரலாம். தொகையைக் கணிசமாக உயர்த்தும்படியும் மத்திய, மாநில அரசுகள் சமமாகப் பகிரும்படியும் 2016 தீர்ப்பு சொன்னது. பழைய தொகைப் பட்டியலைக் காட்டினால் ஏற்காமல், நடப்பு ஆணையைக் கேளுங்கள். விண்ணப்பம் மாவட்டத் தர உறுதிக் குழுவுக்குப் போகும், நிகழ்ந்த 90 நாளுக்குள் கொடுத்துவிடுவது பாதுகாப்பு. சம்மதப் படிவ நகல், அறுவைச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, கரு தங்கியிருந்தால் ஸ்கேன் அறிக்கை ஆகியவை இணைக்கப்பட வேண்டும். தோல்வி என்பது மட்டுமே டாக்டரின் அலட்சியத்துக்கு ஆதாரம் ஆகாது என்று 2005 சிவராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் திட்டத்தின் இழப்பீட்டுக்கு அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டையும் குழப்பி, "கேஸ் போட்டால் தோற்றுவிடுவீர்கள்" என்று பயமுறுத்தி விண்ணப்பமே வாங்காமல் அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

புகார் எதுவானாலும் முதலில் கேஸ் ஷீட் நகலை வாங்கிவிடுங்கள். 2002 ஒழுக்க விதிகளின்படி எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும், உள்நோயாளி பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தின் இன்னொரு நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் அரசு மருத்துவமனையில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம், அதற்கு 30 நாள் கெடு. நகலில் முதலில் பார்க்க வேண்டியது சம்மதப் படிவத்தின் நேரம். அதை அனஸ்தீசியா பதிவில் உள்ள நேரத்தோடு ஒப்பிடுங்கள்.